ரெண்டு பல் கிடேரி

திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் அன்று இரண்டு தாடைகள் கிடந்தன. பெரியது, கோதாவரிக் கரையின் செந்நிறக் களிப்பாறையில் நானே தோண்டி எடுத்தது. சின்னது, மத்தியப் பிரதேசத்து ஓடை ஒன்றில் கிடைத்த தாடையின் பிளாஸ்டர் அச்சு. அங்கே வேலை செய்யும் தோழி அனுப்பியிருந்தாள். இரண்டும் டைனோசர்கள் தலையெடுக்கத் தொடங்கிய டிராயாசிக் காலத்து ஊர்வன வகை விலங்கினுடையவை. பன்றி அளவு உடம்பு, கிளிமூக்கு போல வளைந்த வாய்.

அந்த விலங்கு பூமியில் இருந்த காலம் கொஞ்சம்தான். அதனால் ஒரே இனத்தின் எலும்பு எங்கெங்கே கிடைக்கிறதோ, அந்தப் பாறை அடுக்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வயது. கோதாவரியை மத்தியப் பிரதேசத்தோடு சேர்த்துக் கட்ட என்னிடம் இருந்த ஒரே கயிறு அது. ஆனால் பெரிய தாடையில் பல் வரிசைகள் கூடுதல், சின்னதில் குறைவு. வேறு இனம், வேறு காலம் என்று முடிவுக்கு வந்தேன். குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு நான்கு குளிர்காலம் கூடாரத்தில் கிடந்தது வீண் என்று தோன்றியது. அழுகை வந்துவிட்டது.

என் கணவர் கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளர். என் வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வந்தவர், என் முகத்தைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னாச்சும்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன தாடையை எடுத்துப் பற்களின் மேல் கட்டை விரலை மெதுவாக ஓட்டினார்.

"ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டியே?"

"கேளுங்க."

"மாட்டுக்கு வயசு ஏற ஏறத்தானே பல் கூடுது? ரெண்டு பல் கிடேரியையும் எட்டு பல் பசுவையும் வேற வேற இனம்னா சொல்றோம்? இது குட்டியா இருக்கக் கூடாதா?"

நான் சிரிக்கவில்லை. சின்ன தாடை என்றால் சின்ன இனம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

தோழியிடம் அசல் எலும்பிலிருந்து ஒரு மெல்லிய சீவல் கேட்டு வாங்கினேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், வேகமாக வளர்ந்துகொண்டிருந்த இளம் எலும்பு. எங்கள் கல்லூரிச் சேகரிப்பில் ஒதுக்கி வைத்திருந்த நடுத்தர அளவுத் தாடை ஒன்றைத் தேடி எடுத்தேன். அதில் பல் வரிசைகள் இரண்டுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் இருந்தன.

கல்லூரியிலிருந்தே அவருக்குப் போன் போட்டேன்.

"ஒரு பசுவுக்கு ஊசி போட்டுட்டிருக்கேன். சொல்லு."

"குட்டிதாங்க."

"அப்போ ரெண்டு ஊர்ப் பாறையும் ஒரே காலமா?"

"ஒரே காலம்."

பக்கத்தில் நின்ற பசுவின் சொந்தக்காரரிடம் அவர் சொல்வது காதில் விழுந்தது: "எங்க வீட்ல பெருசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க." தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கட்டுரையின் நன்றிப் பகுதியில் முதலில் அவர் பெயரைத்தான் போட்டேன். "இதெல்லாம் எதுக்கு?" என்று கூச்சப்பட்டார். அடுத்த குளிர்காலம் பத்து நாள் லீவு போட்டு, குழந்தையோடு கோதாவரிக்கு வந்து சேர்ந்தார்.