ஒரே அடுப்பில் இரண்டு சாப்பாடு

நாலு வருடம் எங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் இரண்டு சமையல் நடந்தது. எனக்கு ஆட்டு ஈரல், நண்டு ரசம், நெய்யில் வதக்கிய முருங்கைப்பூ, முட்டை. என் மனைவிக்கு மிளகு ரசம் ஊற்றிய சோறு, பூண்டுக் குழம்பு, செவ்வாய் வெள்ளியில் உப்பில்லாத கஞ்சி. இரண்டையும் சமைத்தவள் அவள்தான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் மலேசியாவில், ரவாங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வந்த அம்மா எங்களோடு வாடகை வீட்டில் இருந்தார். கல்யாணமாகி இரண்டாவது தீபாவளியும் போன பிறகு, அவளுக்குக் கர்ப்பப்பையில் சூடு என்று அம்மாவே முடிவு செய்து பத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். அன்னாசி கூடாது, பப்பாளி கூடாது, மீன் கூடாது, ஐஸ் தண்ணீர் கூடவே கூடாது. எனக்கு எந்தத் தடையும் இல்லை. "ஆம்பளைக்கு என்னா கொறை? தெம்பு இருந்தா போதும்லா" என்பார்.

அந்தத் தெம்பை நான் ஊர் அறியச் சேர்த்தேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ் முஸ்லிம் காக்கா ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலையில் தனிப் பானையில் காளை மாட்டின் அந்த உறுப்பைப் போட்டு சூப் வைப்பார். பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. "தம்பிக்கு வழக்கமானதுதானே?" என்று அவர் கேட்டால், பக்கத்து மேசைக்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். வீட்டுக்கு வந்தால் கறுப்பு பீர் இரண்டு போத்தல். அதில் பச்சை வாத்து முட்டையை உடைத்து ஊற்றி அம்மாவே அடித்துக் கொடுப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு சீனக் கடையில் வாங்கிய மருந்துச் சாராயம் ஒரு கிளாஸ். எல்லாம் மருந்துக் கணக்கில் போனதால் என்னை யாரும் குடிகாரன் என்று சொல்லவில்லை. நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் என்னென்னவோ டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை, புருஷனை வரச் சொல் என்றார்கள். அவள் அதை என்னிடம் மட்டும், துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "ஒரு தடவ போயிட்டு வந்துருங்களேன்." நான் கோபப்பட்டேன். சூப் குடிக்கிற என்னைப் போய்ச் சந்தேகப்படுவதா என்று இருந்தது. ஐந்து மாதம் கழித்து, ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு நாள் தனியாகப் போனேன்.

சின்ன போத்தலைக் கையில் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டினார்கள். அந்தக் கூச்சத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், அதைவிடப் பெரிய வெட்கங்கள் இருக்கின்றன. இரண்டு முறை பரிசோதித்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும். உயிரணு மிகக் குறைவு, ஆண் ஹார்மோனும் குறைவு என்றார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டபோது நான் கொஞ்சம் பெருமையாகவே பட்டியல் போட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். காளையின் உறுப்பைத் தின்றால் காளையின் பலம் வராது, வயிற்றுக்குள் போனால் அதுவும் வெறும் இறைச்சிதான் என்றார். தினமும் உள்ளே போகிற பீரும் சாராயமும்தான் ஈரலைக் கெடுத்து ஹார்மோனைக் குறைக்கின்றன. இருக்கிற தொப்பையும் சேர்ந்து குறைக்கும். குடியை முழுசாக விடு, கீரை காய்கறி பழம் மீன் சாப்பிடு, உடம்பை இறக்கு, ஆறு மாதம் கழித்து வா, உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். ரிசல்ட் தாளை நாலாக மடித்து யூனிபார்ம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். அம்மா போத்தலைத் திறந்து முட்டையை உடைத்தார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாரே. குடித்தேன். மனைவி எனக்கு ஈரலை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து உப்பில்லாத கஞ்சியைக் குடித்தாள். யாருக்குப் பத்தியம் வேண்டும் என்று தெரிந்த பிறகும் மூன்று வாரம் அந்தத் தட்டில் நான் சாப்பிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இடையில் ஒரு நாள் சட்டைப் பையில் கை விட்டபோது தாள் விறைப்பாக இருந்தது. ஓரத்தில் மை லேசாகக் கலங்கியிருந்தது. என் வியர்வைதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்படிப்பட்ட யோசனை எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பிள்ளை வரம் கேட்டு பத்துமலையில் காவடி எடுக்கப் போகிறேன், நாற்பத்தெட்டு நாள் விரதம் என்று அறிவித்துவிட்டேன். விரதம் என்றால் குடி இல்லை, கறி இல்லை. டாக்டர் சொன்னதில் முக்கால்வாசியை முருகன் பேரைச் சொல்லிச் செய்துவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலையிடத்தில் தோளில் தட்டினார்கள். மலடியாகிப்போன பெண்டாட்டிக்காகக் காவடி எடுக்கிறான், இவனல்லவா புருஷன் என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை.

விரத வீட்டில் அவள் இருக்க வேண்டாம், அப்பா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார் அம்மா. "காவடி முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்." அம்பாங் பெச்சா ஊரில் சொந்தத்தில் ஒரு பெண்ணை எனக்கு இரண்டாந்தாரமாக அம்மா விசாரித்து வைத்திருப்பது எனக்குத் தெரியும். என் மனைவிக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தால் அவள் இருப்பாள், திறக்காவிட்டால் போவாள். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் அவளோடு கோலசிலாங்கூர் பஸ் ஏறினேன்.

அவள் அப்பா அங்கே எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், கங்காணி மாதிரி. மருமகன் விரதம் என்று தெரிந்து சுங்கை புரோங் வயலிலிருந்து புது அரிசி வாங்கி வந்திருந்தார். இலை போட்டு சாம்பார், முருங்கைக்கீரை, பாயசம் என்று பரிமாறச் சொன்னார். நான் ஒரு பிடி அள்ளுவதற்குள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ள, எம் பொண்ணுகிட்ட கொற இருந்தும் அவளுக்காக நீங்க காவடி தூக்குறீங்க. வேற எவனா இருந்தாலும் என்னைக்கோ வெட்டி விட்டுருப்பான். நாங்க மறக்க மாட்டோம்."

பெரிய மீசை வைத்து, நாற்பது ஆட்களை அதட்டி வேலை வாங்குகிற மனுஷர். கண் கலங்கி நின்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றேன். அடக்கமாகச் சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டார். என் மனைவி கீரைக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்றாள்.

"உப்பு போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

போதும் என்று சாப்பிட்டு முடித்தேன். தாள் என் சட்டைப் பையிலேயே இருந்தது.

காவடி எடுத்தேன். படி ஏறும்போது கூட்டம் எனக்காக வேல் வேல் என்றது. சாமியிடம் கேட்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வாரமே, அம்மா தடுத்தும் கேட்காமல், அவளைக் கூட்டி வரப் போனேன். பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் தாளை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"தெரியும். யூனிபார்ம்ல இருந்துச்சு, பாக்காம தண்ணில போட்டுட்டேன். காய வச்சு, அயன் போட்டு, திரும்ப வச்சுட்டேன்."

"எப்ப?"

"விரதத்துக்கு முந்தி."

அப்படியானால் அவள் அப்பா என் கையைப் பிடித்து அழுதபோது, கீரைக் கிண்ணத்தோடு நின்றவளுக்கு எல்லாம் தெரியும்.

"ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டோம்.

விரதம் முடிந்தும் நான் குடியைத் தொடவில்லை. அவள் பத்தியத்தை விட்டுவிட்டாள். அம்மா திட்டினார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரே குழம்பை இருவரும் சாப்பிட்டோம். ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்ததில் உயிரணு கொஞ்சம் கூடியிருந்தது, அடுத்த முறை இன்னும் கொஞ்சம். மகள் பிறந்தாள். சாப்பாடு மாறியதாலா, குடி நின்றதாலா, தானாக வந்ததா என்று அந்த டாக்டரே சரியாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. தன் பத்தியமும் என் காவடியும்தான் என்று தெருவெல்லாம் சொன்னார்.

மகள் தவழ்கிற வயதில், பக்கத்து வீட்டில் வாழ வந்திருந்த பெண் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடமாகக் குழந்தை இல்லை. அம்மா அவளை உட்காரவைத்து, மீன் கூடாது, செவ்வாய் வெள்ளி உப்பு கூடாது என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மொதல்ல ஒம் புருஷன டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா. குடிச்சா நிறுத்தச் சொல்லு" என்றேன். அம்மா வியப்போடு பார்த்தார். "ஒனக்கு யாருடா சொன்னா?"

"எங்க பேக்டரில ஒருத்தனுக்கு அப்படித்தான் இருந்துச்சு."

கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது. அன்று மாலை எனக்குச் சோறு போடும்போது அவள் கேட்டாள், "பேக்டரில ஒருத்தன்னு சொன்னீங்களே, அவரு பொண்டாட்டி இப்ப எப்படி இருக்கா?"

நான் சோற்றைப் பிசைந்தேன். இன்றைக்கு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், மாமனாரும் போய்விட்டார். மாப்பிள்ளை தெய்வம் என்று சொல்லிக்கொண்டேதான் அவர் செத்தார்.