துணி உலர்த்தும் பீரோ

ஜெயசித்ராவின் வீடு ஒதியம்பட்டில். அவள் படித்த பொறியியல் கல்லூரி வில்லியனூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். அப்படியிருந்தும் இரண்டாம் ஆண்டில் ஹாஸ்டலுக்குப் போயே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

“வூடு இங்க இருக்கும்போது ஹாஸ்டல் இன்னாத்துக்குடி?” என்றார் அப்பா அருள்தாஸ். அவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்.

“அது சும்மா ஹாஸ்டல் இல்லப்பா, ஸ்டார்ட்அப் பிளாக். சொந்தமா தொழில் செய்யணும்னு நினைக்கிற பொண்ணுங்கள ஒரே மாடியில தங்க வைக்கிறாங்க. மெஷின் ரூமும் அங்கியே இருக்குது. தங்குனாத்தான் சேத்துப்பாங்க.”

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அப்பாவே அவள் பெட்டியை வண்டியில் ஏற்றினார்.

அங்கே போயும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து அறைக்காரி தேங்காய் நாரில் பூந்தொட்டி செய்து விற்கவே தொடங்கிவிட்டாள். ஜெயசித்ராவோ ஒன்றைத் தொடங்குவாள், பாதியில் போட்டுவிட்டு இன்னொன்றுக்குத் தாவுவாள். கரும்புச் சோகையில் செய்த தட்டு சாம்பார் ஊற்றியதும் ஊறிப்போனது. பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்பை எந்த ஓட்டுநரும் போனில் ஏற்றிக்கொள்ளவில்லை. “எதையாவது ஒன்ன உக்காந்து முடிடி” என்பாள் அறைத்தோழி சுகன்யா. அவள் எலெக்ட்ரானிக்ஸ் மாணவி, நிதானமானவள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வராந்தா முழுக்கக் கொடி, கொடி முழுக்கக் காயாத துணி. மாடியே ஈரவாடை அடித்தது. ஜெயசித்ரா ஒரு பழைய இரும்பு பீரோவில் துளை போட்டு விசிறிகளையும் ஹீட்டர் சுருளையும் பொருத்தினாள். சூடு கூடினால் தானாக அணைக்கும் கருவியைச் சுகன்யா செய்துகொண்டிருந்தாள்.

“நாளைக்கு முடிச்சிடுவேன். அதுவரைக்கும் ஆன் பண்ணாத” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.

ஜெயசித்ராவால் நாளை வரை பொறுக்க முடியவில்லை. சுவிட்சைத் தட்டினாள். துணி பொசுங்கி, புகை கிளம்பி, மாடி முழுவதும் கரண்ட் போனது. வார்டன் கஸ்தூரி ஓடிவந்தார்.

“யாருக்காவது ஒண்ணு ஆகியிருந்தா யாரு பதில் சொல்றது? இது இன்னிக்கே வெளிய போவணும்.”

சுகன்யா கத்தவில்லை. “ஒரு நாள் பொறுக்க முடியலையாடி உன்னால?” என்று மட்டும் கேட்டாள். அதன் பிறகு பேசவேயில்லை.

ஜெயசித்ரா பீரோவை அப்பாவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒதியம்பட்டுக்கு வந்தாள். அது கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுத் தேவிக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தை பிறந்திருந்தது. விஷயம் தெரிந்ததும் ஈரத் துணிகளை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“புள்ளைங்களுக்கு மாத்தத் துணியே இல்லடி. கொஞ்சம் போட்டுக் குடேன்.”

ஜெயசித்ராவின் கை சுவிட்சுக்குப் போனது. பிறகு பிளக்கையே பிடுங்கிவிட்டாள்.

“இப்ப வேணாங்கா. இது பத்திக்கும்.”

மறுநாள் விடிந்ததும் முதல் பஸ் பிடித்து சுகன்யாவின் முன்னால் போய் நின்றாள். “தப்பு என்மேலதான். பக்கத்து வூட்டுல பச்சைக் குழந்தைங்க துணி காயாம கெடக்குதுடி. நீ வந்து மாட்டிக் குடுத்தாத்தான் ஆன் பண்ணுவேன்” என்றாள். சுகன்யா, செய்து முடித்திருந்த கருவியைப் பையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அன்று பகல் முழுவதும் இருவரும் பழைய துணியைப் போட்டுச் சோதித்தார்கள். ஜெயசித்ரா நிமிஷத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தாள். சுகன்யா அவள் கையைத் தட்டிவிட்டாள். சாயங்காலம் குழந்தைத் துணிகள் காய்ந்து வந்தன. தேவி அவற்றை முகத்தில் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு மாத வாடகைக்கு விடலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. இருவரும் இன்னும் சில பீரோக்களைச் செய்தார்கள்; சுற்று ஊர்களில் உறுவையாறு வரைக்கும் அவை போயின. கஸ்தூரியும் இறங்கிவந்து, பிளாக்குக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தார்.

படிப்பு முடிந்ததும் சுகன்யா சென்னையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஜெயசித்ரா எந்த நேர்முகத் தேர்வுக்கும் போகவில்லை. பிளாக்கைக் காலி செய்து, பீரோக்களை வீட்டுப் பக்கத்தில் ஒரு கொட்டகைக்கு மாற்றினாள். மழை இருந்தால் வாடகைக்கு ஆள் வரும். வெயில் வந்ததும் எல்லாம் சும்மா நின்றன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இப்போது பொடியாக்கி விற்கலாமென்று அந்தப் பீரோவில் முருங்கைக்கீரையை உலர்த்திப் பார்க்கிறாள். பச்சை போய்ப் பழுப்பாகிவிடுகிறது. பழுப்பானதைக் குப்பையில் கொட்டிவிட்டு, அடுத்த கட்டுக் கீரையை உருவத் தொடங்குகிறாள்.