வெட்கப்பட்டு மறைத்த தீர்ப்பு

விவாகரத்து வழக்கில் என் கணவர், "மகள் எனக்குப் பிறந்தவள் இல்லை" என்று எழுதிக் கொடுத்து, மரபணுப் பரிசோதனையும் கேட்டார். பல வருடங்களுக்கு முன், பொந்தியான் கோர்ட்டில் மகளுக்காக நான் போட்ட ஜீவனாம்ச வழக்கிலும் இதையேதான் சொன்னார். ரத்தப் பரிசோதனைக்குப் பின், அவர்தான் தகப்பன் என்று கோர்ட் தீர்ப்பளித்தது. கணவரே சந்தேகப்பட்ட அந்த அவமானத்தைப் பேசக் கூசி, புது வக்கீலிடம் நான் சொல்லவே இல்லை.

மகளுக்குப் பதினான்கு வயது. "திரும்பவும் ரத்தம் எடுக்கணுமாம்மா? அப்பா இன்னும் நம்பலையா?" என்று கேட்டாள்.

மறுநாளே ஸ்கூடாயில் இருந்த வக்கீல் அலுவலகத்துக்குப் போய், அழுதுகொண்டே அவரிடம் பழைய தீர்ப்பைக் கொடுத்தேன். "ஏங்க்கா முன்னாடியே சொல்லல? ஒரு கோர்ட் முடிச்சு வச்சத அவர் இன்னொரு கேஸ்ல கிளப்ப முடியாதுலா" என்றார் அந்தப் பெண் வக்கீல். நீதிபதியும் அதை ஏற்று, பரிசோதனை வேண்டாம் என்றார்.

இப்போது யாரிடம் உதவி கேட்டுப் போனாலும், சொல்லக் கூசும் விஷயத்தைத்தான் முதலில் சொல்கிறேன்.