பெட்டிக்குள் நான் வைத்த புற்றுமண்

போன தை மாதம், எங்கள் சங்கரன்கோவிலில் நடந்தது இது. என் தம்பி மகள் மேல்படிப்புக்காக ஆஸ்திரேலியா கிளம்பினாள். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் பள்ளிக்கூடம் முடிக்கிற வரை அவள் பாதி நாள் என் வீட்டில்தான் கிடப்பாள். எனக்கென்று பிள்ளைகள் கிடையாது. விசா வந்துவிட்டது என்றதும் எல்லோரும் சிரிக்க, எனக்கு மட்டும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குளிர்ந்தால் அவளுக்குக் கையெல்லாம் தடித்துவிடும். எங்கள் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். தோலில் எது வந்தாலும் அதைக் குழைத்துப் பூசுவது எங்கள் ஊர் வழக்கம். கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், பெட்டியை அடுக்கி முடித்துவிட்டு அவள் குளிக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒரு பொட்டலம் புற்றுமண்ணை ஸ்வெட்டருக்குள் சுருட்டி உள்ளே தள்ளிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கேலி பண்ணுவாள், எடுத்து வெளியே வைத்துவிடுவாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மதுரையில் விமானம் ஏறினாள். கொழும்பில் ராத்திரி வரை காத்திருந்து, அங்கிருந்து வேறு விமானம் பிடித்து மெல்போர்ன் போக வேண்டும். நான் வழக்கம்போல ஆபீஸ் போனேன். என்னோடு வேலை பார்க்கும் கடையநல்லூர் அண்ணாச்சியின் தம்பி பெர்த்தில் இருக்கிறார். அதனால் ஆஸ்திரேலியாவைப் பற்றி அண்ணாச்சிக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. டீ வந்ததும் ஆரம்பித்தார்.

"அங்கன ஓட்டுப் போடலன்னா அபராதம், தெரியுமா? பதினாறு வயசு ஆகாத பிள்ளையளுக்கு சோசியல் மீடியாவே கெடையாதுன்னு சட்டம் போட்டுட்டான்."

"ஓட்டுப் போடுததும் போடாததும் நம்ம இஷ்டம்லா அண்ணாச்சி? இதென்ன வாத்தியார் கம்பெடுத்த மாதிரி?" என்றேன். எனக்கு எதையும் எதிர்த்துப் பேசாவிட்டால் டீ இறங்காது.

"கம்புதான். செருப்புல மண்ணு ஒட்டியிருந்தாக்கூட ஏர்போர்ட்டுல சொல்லணும். சொல்லாம மண்ணு, வெதைன்னு கொண்டு போயி மாட்டுனா, விசாவ கேன்சல் பண்ணித் திருப்பி அனுப்பினாலும் அனுப்பிருவான்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "கோயில் பிரசாதமா இருந்தா?"

"பிரசாதமா இருந்தா என்ன? மண்ணு மண்ணுதான?"

எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அது மண் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது மண்தானே? வராந்தாவுக்கு ஓடி அவளுக்கு போன் போட்டேன். போகவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன்: "மக்கா, ஸ்வெட்டருக்குள்ள புத்துமண்ணு வச்சிருக்கேன். எறங்குன ஒடனே அங்க உள்ளவங்ககிட்ட சொல்லிரு." ஒற்றை டிக்தான் விழுந்தது, அவளுக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பெட்டி ஏற்கெனவே விமானத்துக்குள் போயிருக்கும். எடுத்துப் போடவும் அவளால் முடியாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், அப்போதும் ஒற்றை டிக். தம்பியிடம் சொல்லத் தைரியம் இல்லை. கோயிலுக்குப் போனேன். அங்கே போயும் எதை வேண்டுவதென்று குழப்பம். 'உன் மண்ணை ஏர்போர்ட்காரர்கள் கண்ணில் காட்டிவிடாதே' என்பதா, 'காட்டிக்கொடுத்துவிடு' என்பதா?

மறுநாள் மத்தியானத்துக்குச் சற்று முன்னால் அவளிடமிருந்து போன் வந்தது.

"வெளிய வந்துட்டேன் அத்தே. கொழும்புல நெட்டே கெடைக்கல. இங்க எறங்கி வைஃபை கெடச்ச பொறவுதான் ஒங்க மெசேஜக் கேட்டேன். ஃபார்முல மண்ணு இல்லன்னு போட்டிருந்தேன். அத அடிச்சுட்டு, 'இருக்கு'ன்னு மாத்திப் போட்டேன்."

பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். ஒரு பெண் அதிகாரி பொட்டலத்தைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டிருக்கிறாள். எங்கள் ஊர்க் கோயில் மண், அத்தை வைத்தது என்று இவள் சொல்லியிருக்கிறாள். அந்த அதிகாரி கையுறை போட்டு அதை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். இதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் தலைகீழாகிவிட்டது. பிரசாதத்தைப் பிடுங்கிக்கொண்டவளைத் திட்டவும் முடியவில்லை, என் பிள்ளையை மரியாதையாக விட்டவளை வாழ்த்தாமல் இருக்கவும் முடியவில்லை.

"மதுரையில 'பெட்டிய நீங்களேதான் அடுக்குனீங்களா'ன்னு கேட்டாங்க அத்தே. நெஞ்ச நிமித்திக்கிட்டு ஆமான்னு சொன்னேன்" என்றாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன் மக்கா. கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிருவன்னு நெனச்சேன்."

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "கேட்டிருந்தா வீட்டுலயே நெத்தில பூசிக்கிட்டு வந்திருப்பேனே அத்தே. அந்தம்மா அத எடுத்துக்கிட்டுப் போவும்போது எனக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு."

எந்த நாட்டுச் சட்டம் சரி, எது தப்பு என்று அண்ணாச்சியோடு நான் இன்றைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அது ஒருநாளும் தீராது. ஆனால் என் மடியில் வளர்ந்த பிள்ளை எதற்குச் சிரிப்பாள், எதற்கு அழுவாள் என்றுகூட எனக்குத் தெரியாமல் போனதும், ஒரு வார்த்தை அவளிடம் கேட்காமல் போனதும் எப்படி என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவே இல்லை.