சொந்தக்காரியின் குரல் முதலில்

மகள் ஹனா, மகன் அம்ஜத்,

இந்த நினைவு மலரில் உங்கள் மாமியைப் பற்றிப் பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மௌலவி எழுதியிருக்கிறார், அதிபர் எழுதியிருக்கிறார். அவர்களுடைய எழுத்து அழகாக இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஆனாலும் மாமியின் கதைகளை இந்த ஊரில் என்னை விட அதிகம் கேட்டவர் யாரும் இல்லை. காலையில் மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போகும்போதும் கேட்டேன், பகலில் திரும்பும்போதும் கேட்டேன். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். ஆனால் இது உங்களுக்கு.

எனக்கு ராத்தா, கூடப்பிறந்த அக்கா; உங்களுக்கு மாமி. மருதமுனையில் எங்கள் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வாப்பாவின் தேத்தண்ணிக் கடைக்கு வருகிறவர்களைப் போல நடந்து காட்டி, கதைத்துக் காட்டி எங்களைச் சிரிக்க வைப்பார். கடைக்கு வருகிறவர்களுக்கு அது தெரியும். "நான் போன பிறகு என்னையும் செய்து காட்டுவாய்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் எழும்பிப் போவார்கள்.

சாதாரண தரம் வரை படித்தார். பிறகு கலியாணம். மாமியின் இரண்டு ஆண்மக்களும் இந்த மலரில் தனியே எழுதியிருப்பதால் வீட்டுக் கதையை அவர்களுக்கே விடுகிறேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போன அந்தக் காலையில், சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் அத்திவாரம் மட்டும்தான் மிஞ்சியது. உயிர்கள் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. அந்த அத்திவாரத்தின் மேல் திரும்பவும் வீடு எழும்ப வேண்டும் என்றுதான் மாமி ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்குப் போனார்.

அங்கே முதலாளி வீட்டுப் பிள்ளைகள் இலகுவில் தூங்காதவர்கள். மாமி தெரிந்த அரபியில் தெரிந்த கதைகளை எல்லாம் சொன்னார். அவை முடிந்துபோயின. உடுப்புக் காயப்போடும் மொட்டை மாடிக்குப் பக்கத்து வீடுகளில் வேலை செய்த பெண்களும் வருவார்கள். நேபாளத்துப் பெண், பிலிப்பைன்ஸ் பெண், இந்தோனேசியப் பெண், எத்தியோப்பியாவிலிருந்து வந்த அல்மாஸ். எல்லாருக்கும் உடைந்த அரபிதான். ஈர உடுப்பை உதறிக்கொண்டே மாமி அவர்களிடம் கதை கேட்பார். இரவில் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவார். ஒரு நாள் வீட்டுக்காரி, "உன் நாட்டுக் கதை நல்லாயிருக்கிறது" என்று பாராட்டினாராம். மாமி உடனே, "இது என்னுடையது இல்லை, பக்கத்து வீட்டு அல்மாஸுடையது" என்று சொன்னாராம். அந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

மாமி வீடு கட்டி முடித்து, ஊரோடு வந்து சேர்ந்த காலத்தில்தான் நான் வேன் ஓட்டத் தொடங்கியிருந்தேன். ஒரு நாள் வாசலில் நின்று கேட்டார்:

"என்ன தம்பி, வேனுக்குள்ள இவ்வளவு சண்டை? மீன் சந்தையத் தூக்கி வெச்ச மாதிரி இரிக்கி."

"பாட்டுப் போட்டாலும் சண்டை, போடாட்டியும் சண்டை ராத்தா."

"நான் கதை சொல்லித் தாறன். போட்டுப் பாரு."

முதல் கதை நேபாளத்துக் கதை. போனில் பதிந்து தந்தார். நான் ஆசையோடு போட்டேன். "அன்பார்ந்த சிறுவர்களே! இன்று நாம் கேட்கவிருப்பது இமயமலை அடிவாரத்தில் வழங்கும் ஒரு கதையாகும்" என்று தொடங்கியது. நம் ஊரில் யாருக்கும் வாய்க்கு முன்னால் மைக் வந்தால் இதுதான் நடக்கும். கடையில் நல்லாகக் கதைத்துக்கொண்டு நின்றவர் அந்த நிமிடத்தில் செய்தி வாசிக்கிறவராகிவிடுவார். பின் சீற்றில் ஒரு பிள்ளை, "இது ஆரு? செய்தி வாசிக்கிற பொம்புளயா?" என்றது. "பொறு, இப்ப மழை வரும் எண்டு சொல்லுவாக" என்றது இன்னொன்று. ஹனா, "இது எங்கட மாமி!" என்று எழும்பி நின்றாய். ஒருவரும் நம்பவில்லை. "பொய். உங்கட மாமி இப்படிக் கதைக்கிற இல்ல" என்றார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தது ஞாபகம் இருக்கிறதா?

மாமியிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். "புள்ளைகள் சொல்றது சரிதான். நான் ஆருக்குப் பயந்து அப்படிக் கதைச்சன்?" என்றார். அடுத்த கிழமை வந்த பதிவு இப்படித் தொடங்கியது:

"வாங்க புள்ளைகள், கொஞ்சம் தள்ளி இரிங்க, மத்தப் புள்ளைக்கும் இடம் குடுங்க. நேபாளத்தில ஒரு ஆட்டுக்காரி இரிந்தா. அவவுட ஆடு சொல்வழி கேக்காது. உங்களப் போலதான்."

அன்றைக்கு வேன் அமைதியானது. பள்ளிக்கூட வாசலுக்கு வந்த பிறகும் ஒரு பிள்ளையும் இறங்கவில்லை.

பதிவு செய்வதும் இலேசான வேலை இல்லை. நம் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, ஊர் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் அமைதி. அந்த நேரத்தில் மாமி என் வேனுக்குள் ஏறி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு உட்கார்ந்து பதிவார். ஏசி போட்டால் இரைச்சல் விழும். வெளியே வரும்போது முந்தானை நனைந்திருக்கும்.

போகப் போக மாமி ஒரு சட்டம் போட்டார். கதையின் சொந்தக்காரி முதலில் தன் பாஷையில், தன் குரலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மாமி தமிழில் சொல்லுவார். வெளிநாட்டுத் தோழிகளுக்கு வட்ஸ்அப்பில் செய்தி போட்டு, குரல் வரும் வரைக்கும் காத்திருப்பார். காரைதீவு ரீச்சர் ஒருவர் தங்கள் ஊர்க் கதை ஒன்று தந்தபோது, "பக்கத்து ஊர் எண்டாலும் சட்டம் சட்டம்தான் ரீச்சர், நீங்கதான் முதல்ல" என்று அவரையும் பேச வைத்தார்.

ஒரு பிள்ளையின் உம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "காக்கா, முன்னுக்கு ஒண்டும் விளங்காத பாஷை ஓடுதாமே. அத வெட்டி எடுங்கவன்" என்று என்னிடம் சொன்னார். நான் மாமியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் மாமியே வேனில் ஏறி அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஒருத்தி உங்கட வீட்டுக்கு வட்டிலப்பம் கொண்டு வாறா. வட்டிலப்பத்த வாங்கிக்கிட்டு அவவ வாசல்லயே நிப்பாட்டுவீங்களா?"

"சீ, அதென்ன ராத்தா, உள்ளுக்குக் கூப்பிடுவம்தானே."

"அவ்வளவுதான். கதை கொண்டு வந்தவ முதல்ல உள்ளுக்கு வரட்டும்."

அந்த உம்மா சிரித்துவிட்டார். பிறகு பிள்ளைகள் அந்த விளங்காத பகுதிக்காகவே காத்திருக்கத் தொடங்கினார்கள். வேனில் ஏறும்போதே "இண்டைக்கு எந்த நாட்டுக் குரல்?" என்று கேட்பார்கள்.

மாமிக்குச் சிறுநீரகம் பழுதாகியபோதும் அவர் தளரவில்லை. இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்கு என் வேனில்தான் போய் வந்தார். அந்தக் காலத்தில் அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு கதை. அல்மாஸின் உப்புக் கழுதைக் கதை.

அது இப்படி. உப்பு விளையும் வெளியிலிருந்து ஒரு கழுதை உப்பு மூட்டை சுமந்து உயரமான மலை ஊருக்குப் போகும். அந்த மலைப் பிள்ளைகள் கடலைக் கண்டதே இல்லை. அந்த உப்புவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று யாரோ சொல்லக் கேட்டு, "கடல் எப்படி இருக்கும்?" என்று கழுதையை மறிப்பார்கள். கழுதைக்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் அது தலையைக் குனிந்துகொண்டு போகும்.

ஏன் ராத்தா இந்தக் கதையில் இவ்வளவு பிடிவாதம் என்று ஒரு நாள் கேட்டேன். "எங்கட புள்ளைகளுக்குக் கடல் எண்டா என்ன சொல்லிக் குடுத்திரிக்கம்? வீட்ட எடுத்தது, ஆக்கள எடுத்தது. அந்தப் புள்ளைகள் அதே கடல ஆசையாக் கேக்குதுகள். இவங்க அத ஒருக்காக் கேக்கட்டும்" என்றார்.

ஆனால் அல்மாஸின் குரல் வரவில்லை. அவர் தன் நாட்டுக்குப் போய்விட்டார். அவருடைய கிராமத்தில் சிக்னல் இல்லை. சொந்தக்காரி இல்லாமலே போடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். யூடியூப்பில் அந்த நாட்டுக்காரி ஒருத்தியின் பேச்சை எடுத்து ஒட்டலாம் என்றும் ஒருவர் சொன்னார். "அது வேற ஒருத்திட குரல்" என்று மாமி முடித்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் வந்தது. சந்தை நாளில் பட்டணத்துக்கு வந்த அல்மாஸ், முழுக் கதையையும் தன் பாஷையில் சொல்லி அனுப்பியிருந்தார். மாமி போனைக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் அப்போது மாமிக்கு மூச்சுப் போதவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் வேனை நிழலில் நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

"மூச்சு வாங்கிற சத்தத்த வெட்டவா ராத்தா?"

"விடு தம்பி. கழுதையும் மலை ஏறிக்கொண்டுதானே இரிக்கி."

அன்றைக்கு "மறுகா மழை பிடிச்சிது" என்பது வரைக்கும் வந்தார். மிச்சம் நாளைக்கு என்றார். அடுத்த நாள் அவரை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். சில நாளில் அதிகாலை சுபஹ் நேரத்தில், கலிமாவோடு, அல்லாஹ்விடம் போய்ச் சேர்ந்தார்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் கதையைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மாமா, அதாவது என் மச்சான், "போடு. அவ போடத்தான் சொன்னவ" என்றார். போட்டேன். முதலில் அல்மாஸ் கொஞ்சம். பிறகு மாமி. மழை பிடித்தது. அதோடு நின்றது.

"மறுகா? மறுகா என்ன நடந்த?" என்றது ஒரு பிள்ளை. எனக்குத் தெரியாது. முடிவு என் கையில்தான் இருந்தது, ஆனால் எனக்கு விளங்காத பாஷையில் இருந்தது. வேறு வழி இல்லாமல் அல்மாஸின் குரலின் மிச்சத்தை ஓடவிட்டேன். அவர் நாக்கால் டக் டக் என்று சத்தம் செய்தார்.

"மழ! இதுதான் மழ!" என்று கத்தினாய் அம்ஜத்.

பிறகு கழுதை கத்தியது. பிறகு ஏதோ நக்கும் சத்தம். பிறகு அல்மாஸ் வாய்விட்டுச் சிரித்தார். வேன் முழுக்கச் சிரித்தது.

"உப்புக் கரைஞ்சி வழியுது. புள்ளைகள் கழுதைட முதுக நக்குதுகள். அதுதான் கடல்!" என்றாய் ஹனா.

"இல்ல, உப்புக்காரன் கழுதைக்கு அடிப்பான்" என்றது இன்னொரு பிள்ளை.

"அடிச்சா அவ ஏன் சிரிக்கிறா?"

பள்ளிக்கூட வாசலிலும் தீர்ப்பு வரவில்லை. கடைசியில் எல்லாருமாக எனக்குக் கட்டளை போட்டார்கள்: "அவக்கிட்டயே கேளுங்க."

கேட்க வேண்டுமென்றால் முதலில் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். சந்தை நாட்களில் மாமியின் போனுக்கு அல்மாஸிடமிருந்து செய்திகள் வந்துகொண்டே இருந்தன. மாமி போனது அவருக்குத் தெரியாது.

அதற்கு முன் என் கடமை ஒன்று. மாமியை முகம் சுளிக்காமல் பார்த்த ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும், இரத்தம் தந்த இளைஞர்களுக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்ட பெண்களுக்கும், பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும், மையவாடி வரை தோள் தந்தவர்களுக்கும், சோறு சமைத்துக் கொண்டுவந்த காரைதீவு ரீச்சருடைய வீட்டாருக்கும், பிள்ளைகளை எங்களை நம்பி அனுப்பும் பெற்றாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் துஆக்களில் அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கதைகள் வேனில் தொடர்ந்து ஓடும். கேட்கிறவர்களுக்குத் தருவோம்.

மகள், மகன், உங்களுக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. குவைத்தில் வேலை செய்த உங்கள் சாச்சி, உம்மாவின் தங்கை, அல்மாஸுக்குச் சொல்ல வேண்டியதை அரபியில் பேசிப் பதிந்து தந்தார். நேற்றுப் பிள்ளைகளை இறக்கிய பிறகு, நான் வேனைக் கடற்கரைப் பக்கம் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றினேன். மாமியின் போனில் அல்மாஸின் பேரைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

"அல்மாஸ், நான் அவவுட தம்பி. ராத்தா மௌத்தாகிட்டா. உங்கட கதைய மழை வரைக்கும் சொன்னவ. மிச்சம் உங்களிட்டத்தான் இரிக்கி. எங்கட புள்ளைகள் பாத்துக்கொண்டு இரிக்குதுகள்."

விரலை எடுத்தேன். அது போன பிறகு, சாச்சியின் அரபியை அனுப்பினேன்.