எட்டுக் கவைகளும் ஒரு வாத்துக்காரரும்

1. முள்கரண்டி

மதுரையிலிருந்து பதிப்பாசிரியர் போனில் கூப்பிட்டபோது நான் அல்லிநகரத்து வீட்டில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர்கள் பட அகராதி போடுகிறார்கள். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருளோ அத்தனை படம்.

"ஃபோர்க்னு ஒரு சொல் இருக்கும்மா. முள்கரண்டி, மரக்கவட்டை, சைக்கிள் ஃபோர்க், பாதை பிரியறது, ஆறு பிரியறது, மான்கொம்பு, பாம்பு நாக்கு, ரெட்டைவால் குருவி. மொத்தம் எட்டு. உங்க தேனிப் பக்கமே எல்லாம் கெடைக்கும்ல?"

"கெடைக்கும் சார்" என்றேன். அதற்கு முன் நான் பெரியகுளத்து ஸ்டுடியோ ஒன்றில் நெகட்டிவ் டச்சப் செய்தவள். பிறகு பள்ளிக்கூடங்களுக்கு ஐ.டி. கார்டு போட்டோ. ஒரு புத்தகத்துக்கென்று படம் எடுப்பது அதுதான் முதல் தடவை. அப்போது வயது ஐம்பத்தாறு.

முள்கரண்டிக்குப் போடி பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். ஒன்று போதும் என்றதும் கடைக்காரர் சிரித்தார்.

"ஒத்தையா எப்பிடிம்மா தர்றது? செட்டுதான், ஆறு. வீட்ல எத்தன பேரு இருக்கீக?"

"நான் மட்டுந்தான்."

சிரிப்பதை நிறுத்திவிட்டு ஆறையும் பொட்டலம் கட்டினார்.

மறுநாள்தான் படம் எடுத்தேன். பளபளப்பான ஸ்டீலைப் படம் எடுப்பது லேசில்லை. ஜன்னல், கேமரா, எடுப்பவர் முகம் எல்லாம் அதில் தெரியும். சுற்றிலும் டிரேசிங் பேப்பரில் ஒரு கூடாரம் போல் கட்டி, நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளை விட வேண்டும். பேப்பரைப் பிடிக்க ஆளில்லாததால் துணிக் கிளிப்பும் நாற்காலி முதுகும் உதவின. அப்படியும் கரண்டியின் கழுத்தில் என் முகம் நீளமாக விழுந்தது. டச்சப் தெரிந்த கை என்பதால் அழித்துவிட்டேன். அன்று முழுக்க நான் வாய் திறந்து பேசவில்லை என்பது படுக்கப் போகும்போதுதான் நினைவுக்கு வந்தது.

2. குருவி

சைக்கிள் ஃபோர்க்கும் மரக்கவட்டையும் ஒரே காலையில் முடிந்தன. ரெட்டைவால் குருவிக்குத் தேவதானப்பட்டி வயல்களில் நாலு நாள் ஆயிற்று. கறுப்புப் பறவை, பின்னால் வெளுத்த வானம். கேமராவின் ஒளி மீட்டர் சொல்வதை நம்பினால் வெறும் நிழல்தான் கிடைக்கும். வெளிச்சத்தை ஒன்றரை ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். வால் பிரிந்து தெரிவது அது திரும்பும் அந்த ஒரு நொடிதான்.

வரப்பில் போகிறவர்கள் எல்லோரும் என்னை டீச்சர் என்றே நினைத்தார்கள். இந்த வயதில் ஒரு பெண் தனியாக வரப்பில் நின்றால் வேறு எப்படி நினைப்பார்கள்? நானும் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்து வரும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

3. ஆறு

தேனிக்குப் பக்கத்தில் வைகையும் முல்லையாறும் சேருகின்றன. சேர்ந்த இடத்துக்குக் கீழே நின்று, தண்ணீர் வரும் பக்கம் பார்த்தால் ஒரு ஆறு இரண்டாகப் பிரிவது போல் இருக்கும்.

"சேர்றது இல்லம்மா, பிரியறதுதான் வேணும்" என்றார் பதிப்பாசிரியர்.

"படத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு யாருக்குத் தெரியும் சார்?"

கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார்.

முல்லையாற்றின் மேட்டுக்கரையில் கேமரா முக்காலியைப் போட்டேன். இந்தப் பக்கம் முல்லையாற்றில் தெளிந்த தண்ணீர். அந்தப் பக்கம் வைகை வெறும் மணல். நடுவில் நாக்கு மாதிரி ஒரு மணல் திட்டு. வைகையில் செம்மண் தண்ணீர் கொஞ்சம் வந்தால் இரண்டு நிறமாகப் பிரிந்து தெரியும் என்று காத்திருந்தேன்.

திட்டில் அழகர் என்ற வாத்துக்காரர் நூறு வாத்துகளை மேய்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளே தண்ணீரைக் கடந்து வந்து விசாரித்தார்.

"என்ன டீச்சர், சர்வேயா?"

"போட்டோ எடுக்கேன்."

"யாரு கல்யாணம்?"

"யாரு கல்யாணமும் இல்ல. ஆத்தத்தான் எடுக்கேன்."

"ஆத்துக்குக் கல்யாணமா!" என்று வெகுநேரம் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வாரத்தில் அது ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் மதியம் நல்ல வெயில். அழகர் திட்டில் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் லாங் லென்ஸில் வைகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் மணலின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. முன்னால் நுரை, சுள்ளி, சருகு. வருசநாட்டு மலையில் முந்தின நாள் சாயங்காலம் நல்ல மழை என்று கடமலைக்குண்டு பஸ்ஸில் வந்தவர்கள் பேசியது அப்போதுதான் உறைத்தது. இன்னும் இரண்டு நிமிஷத்தில் நான் காத்திருந்த படம் கண் முன்னால் நிற்கும். விரல் ஷட்டரில் இருந்தது.

ஒரு கணம் அது அங்கேயே இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு "அழகரு! அழகரு!" என்று கத்தினேன். காற்று எதிர்த்தாற்போல் வீசியது. கேமராவைக் கழற்றிப் பாறையில் வைத்துவிட்டு, முக்காலியோடு சரிவில் ஓடினேன். கல் எடுத்து எறிந்தேன். முதல் இரண்டும் தண்ணீரில் விழுந்தன. மூன்றாவது கல் வாத்துகளுக்கு நடுவில் விழ, மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டு எழும்பியது. அழகர் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏ டீச்சர், கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"ஏலே, பின்னால பாரு!"

திரும்பிப் பார்த்தார். ஓடாமல் வாத்துகளை விரட்ட ஆரம்பித்தார்.

"அதுகளுக்கு நீந்தத் தெரியும்! நீ வா!"

இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். முக்கால்வாசி வந்ததும் பழுப்புத் தண்ணீர் பக்கவாட்டில் மோதியது. கால் பிடிமானம் போய்விட்டது. முக்காலியின் காலை முழுசாக இழுத்துவிட்டு அவர் பக்கம் நீட்டினேன். பிடித்துக்கொண்டார், இழுத்தேன். இரண்டு பேரும் கரைச் சேற்றில் விழுந்தோம். நிமிர்ந்து பார்த்தால் திட்டைக் காணோம். கரை முதல் கரை வரை ஒரே பழுப்பு. பிரிவும் இல்லை, படமும் இல்லை. வாத்துகள் கீழே சிதறிப் போய்க்கொண்டிருந்தன.

பாறையில் உட்கார்ந்தோம். அழகர் போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைப்பாகையில் வைத்திருந்தார். அதை எடுத்து மனைவிக்குப் போட்டார். "ஏ பேச்சி, செத்துப் பொழச்சேன்..." என்று தொடங்கி அழுதுவிட்டார்.

எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பள்ளி ஹெட்மாஸ்டர்கள், லேப், கேஸ் ஏஜென்சி. அம்மாவும் அத்தாவும் போய்ப் பல வருஷம். கடைசியில் பதிப்பாசிரியருக்குப் போட்டேன்.

"ஆறு கெடைச்சிருச்சாம்மா?"

"இல்ல சார்."

"சரி, நாளைக்கு எடுத்துருங்க." வைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நான் சொல்லவே இல்லையே.

அழகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கூட யாரும் வரலையா? நீங்க இங்கன இருக்கிறது வீட்ல தெரியுமா?"

"வீட்ல யாரும் இல்ல."

இன்னும் வைக்காத தன் போனை என்னிடம் நீட்டினார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு, "அக்கா, சாப்ட்டீகளா?" என்றாள் பேச்சி.

4. பிறகு

வாத்துகளில் பாதிக்கு மேல் சாயங்காலத்துக்குள் கிடைத்துவிட்டன. ஆற்றுப் படம் இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது, சுமாராக. அகராதியில் அச்சாகியிருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு லென்ஸ், லைட் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். தனியாக வெளியே போனால், எங்கே போகிறேன் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் தேடிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

அந்த நாளிலிருந்து கிளம்பும்போதெல்லாம் பேச்சிக்கு ஒரு மெசேஜ் போடுகிறேன். முதலில் போட்டது இது: "மேகமலை. மான்கொம்பு." அவ்வளவுதான். "சரிக்கா" என்று வரும். திரும்பியதும் "வந்துட்டேன்" என்பேன். மற்றபடி நாங்கள் அதிகம் பேசுவதில்லை.

போன மாதம் திரும்பி வந்து, களைப்பில் அதைப் போட மறந்துவிட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஏழு மிஸ்டு கால். கூப்பிட்டேன்.

"எங்கக்கா போனீக?" என்று பேச்சி கத்தினாள். "அவரு சைக்கிள எடுத்துட்டு ஒங்களத் தேடிக் கெளம்பிட்டாக!"