ஞாயிற்றுக்கிழமை அசைன்மென்டும் செத்தல் மிளகாயும்

எனக்குப் பொறாமைதான். அதைச் சுத்தி வளைச்சுச் சொல்லி என்ன காணப்போறன். என்ர மகள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அறைக் கதவைச் சாத்திப்போட்டு, தான் எழுதினதை முதல்ல தன்ர மாமிக்குத்தான் போனில வாசிச்சுக் காட்டுவாள். மாமி எண்டால் என்ர புருசனின்ர தங்கச்சி, எனக்கு மச்சாள். அவ இருக்கிறது விட்பியில, காரில முக்கால் மணித்தியாலத் தூரம். நான் இருக்கிறது கதவுக்கு இஞ்சால, உடுப்பு மடிச்சுக்கொண்டு.

பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு. தன்ர பள்ளிக்கூடத்தில இல்லாத பாடம் ஒண்டை ஒன்லைனில எடுத்தவள். அமெரிக்க இலக்கியம். "கனடாவில இருந்துகொண்டு என்னத்துக்குப் பிள்ளை அமெரிக்காக்காரன்ர கதை?" எண்டு கேட்டன். "அம்மா, ப்ளீஸ்" எண்டாள். அவ்வளவுதான் பதில். யூனிவர்சிற்றியிலயும் இலக்கியம்தான் படிக்கப்போறாளாம். இடமும் தந்திட்டினம். ஆனால் இந்தப் பாடத்தில நல்ல மார்க்ஸ் வந்தால்தான் அந்த இடம் நிக்கும். அதால எங்கட வீட்டுக் கிழமையே அந்தப் பாடத்தைச் சுத்தித்தான் ஓடினது. திங்கட்கிழமை ரீச்சர் ஒரு கதையோ கவிதையோ போடுவா. புதன்கிழமை அதைப் பற்றி மற்றப் பிள்ளையளோட ஸ்கிறீனில எழுதி எழுதி வாக்குவாதம். ஞாயிற்றுக்கிழமை முடியிறதுக்குள்ள ரண்டு பக்கம் எழுதி அனுப்பவேணும். ரீச்சரை நாங்கள் நேரில கண்டதில்லை. எங்கேயோ வடக்கில ஒரு சின்ன ரவுனில இருந்து படிப்பிக்கிறவ.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டுபோய் மேசையில வைச்சுப்போட்டு, போகாமல் நிண்டன்.

"எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டன் பிள்ளை."

"அம்மா, உங்களுக்கு விளங்காது. இற்ஸ் நொட் லைக் தற்."

விளங்காதாம்! நான் பல்வைத்தியரின்ர கிளினிக்கில முன்மேசையில வேலை செய்யிறன். நாள் முழுக்க இங்கிலீசுதான். ஊசி போட்டு வாய் விறைச்சுப்போய் கொழகொழவெண்டு கதைக்கிற சனத்தின்ர இங்கிலீசே எனக்கு விளங்குது, நான் பெத்த பிள்ளையின்ர இங்கிலீசு விளங்காதாம். வந்து குசினியில கறிச்சட்டியை டமார் எண்டு வைச்சன். அது அறைக்குள்ள கேட்டிருக்கும். கேக்கட்டும் எண்டுதான் வைச்சது.

மச்சாள் அப்பிடி என்ன பெரிய ஆளெண்டால், ஒண்டுமில்லை. சின்னப் பிள்ளையா இஞ்ச வந்தவ, அதால நாக்கு வெள்ளைக்காரரைப்போலப் புரளும். பாங்கில வேலை, புதுசா வாங்கின வீடு, நாலு அறை. போன் கதவுக்கு அங்கால ஸ்பீக்கரில கிடக்கும். அவ சிரிக்கிறது எனக்கு நல்லாக் கேக்கும். பிள்ளை வாசிக்கிறது மட்டும் கேக்காது, முணுமுணுப்பாத்தான் வரும். "வாவ்" எண்டுவா மச்சாள். எனக்கு அந்த வாவைக் கேட்டாலே வயிறு பத்தும்.

குளிர்காலத்தில ஒருநாள், எங்கட டோர்செட் பார்க் அப்பாட்மென்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவ. சோத்துக் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு எல்லாற்ற முன்னாலயும் சொன்னா, "உவள் போன கிழமை எழுதினதைக் கேட்டு நான் அழுதிட்டன். எங்கட குடும்பத்திலயே உப்பிடி ஒராள் இல்லை" எண்டு. அடுத்தநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் விடுவனா? காஞ்ச செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அவளின்ர தலையைச் சுத்தி, அடுப்பில சட்டியைக் காயவைச்சு அதுக்குள்ள போட்டன். எங்கட ஆக்களுக்குத் தெரியும்: கண்ணூறு இல்லையெண்டால் மிளகாய் நெடி மூக்கில ஏறி, வீடே இருமும். கண்ணூறு இருந்தால் மிளகாய் கருகும், மணக்காது. அண்டைக்கு ஒரு துண்டும் மணக்கேல்லை.

"பாத்தியே? உன்ர மாமியின்ர கண்தான்."

"அம்மா! சீரியஸ்லி?"

அதையும் கொண்டுபோய் மாமிக்குச் சொல்லிப்போட்டாள். அடுத்தமுறை மச்சாள் வரேக்க, கொட்டுற பனியில கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தா. "அண்ணி, நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்திருக்கிறன், பயப்பிடாதேங்கோ" எண்டா. என்ர மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சார். பிள்ளை படம் எடுத்தாள். நானும் பல்லைக் காட்டினன், வேறென்ன செய்யிறது.

தவணை நடுவில ரீச்சர் பெற்றோரோட கதைக்கிறதுக்கு ஒரு நேரம் தந்தவ. மனுசன் வேலை. நான் நல்ல சட்டையொண்டைப் போட்டுக்கொண்டு லப்ரொப்புக்கு முன்னால இருந்தன். ஸ்கிறீனில வந்தா, நரைச்ச தலை, நல்ல சிரிப்பு. எடுத்த எடுப்பிலயே சொன்னா, "உங்கட மகள்தான் இந்த வகுப்பிலயே வடிவா எழுதுறவள்" எண்டு.

இனி எங்கட முறை ஒண்டு இருக்கு. பிள்ளையை ஆரும் வடிவு எண்டால், "எங்க, நல்லாக் காஞ்சு போனாள்" எண்டு தாய் சொல்லவேணும். கெட்டிக்காரி எண்டால், "ஐயோ, சரியான பஞ்சி பிடிச்ச சோம்பேறி" எண்டு சொல்லவேணும். "ஓம், அவள் கெட்டிக்காரிதான்" எண்டு சொல்லுற தாயை நான் காணேல்லை. அப்பிடிச் சொன்னால் கண் பட்டிடும். கேக்கிற ஆளுக்கும் ஒரு வேலை இருக்கு. "சும்மா சொல்லாதேங்கோ அக்கா, தங்கமான பிள்ளை" எண்டு அவை திருப்பிச் சொல்லவேணும். அதோட சரி, எல்லாருக்கும் சந்தோசம்.

"நோ நோ, ஷீ இஸ் வெரி லேசி" எண்டன் சிரிச்சுக்கொண்டு. "அவள் என்னத்தைச் செய்யிறாள், எல்லாம் அவளின்ர மாமிதான்."

முதல் பாதி கண்ணூறுக்குச் சொன்னது. ரண்டாம் பாதி வயித்தெரிச்சலில வந்தது. ரீச்சருக்கு அவவின்ர வேலை தெரியேல்லை. சிரிப்பு நிண்டுபோச்சு.

"எல்லாம் எண்டால்?"

"எவ்ரி சண்டே" எண்டன் நான், இன்னும் சிரிச்சுக்கொண்டு. மடைச்சி.

அந்தக் கிழமையே ஈமெயில் வந்தது. அதுவரைக்கும் அனுப்பின எல்லாத்தின்ர மார்க்ஸையும் நிப்பாட்டி வைச்சிட்டினம். அடுத்து வாற ஒரு அசைன்மென்டைக் கமராவுக்கு முன்னால இருந்து எழுதவேணும். போன் கிட்டவும் இருக்கக்கூடாது. வீட்டுப் பெரியாக்களில ஒராள் பக்கத்தில இருந்து பாத்துக்கொள்ளவேணும். எழுதின கையோட வாசிச்சுக் காட்டி, ரீச்சரின்ர கேள்வியளுக்குப் பதில் சொல்லவேணும். எழுத்து அவளின்ரதெண்டு ரீச்சருக்கு நம்பிக்கை வராட்டில், பாடம் போச்சு. பாடத்தோட யூனிவர்சிற்றி இடமும் போச்சு.

பிள்ளை லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"மாமி எனக்கு ஒரு வசனமும் எழுதித் தரேல்லை. நான் வாசிப்பன், அவ கேப்பா. தற்ஸ் இற். ஷீ ஜஸ்ற் லிசன்ஸ். ஏனம்மா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"கண் பட்டிடுமெண்டு சும்மா சொன்னது பிள்ளை. எல்லாரும் சொல்லுறதுதானே."

"ரீச்சருக்கு என்னண்டு அது தெரியும்?"

கதவு சாத்துப்பட்டது. அவ கேப்பாவாம். நான் கேட்டதும் அதைத்தானே! இந்த வீட்டில ரண்டு காதோட ஒருத்தி அடுப்படியில நிக்க, கேக்கிறதுக்கு விட்பியில ஆள் பிடிச்சிருக்கிறாள்.

ரீச்சருக்கு நான் எழுதினன், அது எங்கட பழக்கம், மனசார நினைச்சுச் சொன்னதில்லை எண்டு. நன்றி, விளங்குது, ஆனால் விதி விதிதான் எண்டு பதில் வந்தது. மச்சாளும் எடுத்தா. சண்டைக்கு வாறாவெண்டு நினைச்சு நானும் முந்தானையை இறுக்கிக்கொண்டுதான் போனைத் தூக்கினன். "அண்ணி, நானும் ரீச்சருக்கு ஒருக்கா எழுதட்டோ?" எண்டா, மெதுவா. "வேண்டாம், நான் பாக்கிறன்" எண்டு வைச்சிட்டன். உதவியெண்டு கேட்டாலும் அவவிட்டயோ கேப்பன்?

ஞாயிற்றுக்கிழமைப் போன் நிண்டுபோச்சு. சத்தியமாச் சொல்லுறன், முதல் ஞாயிறு எனக்கு உள்ளுக்க ஒரு சந்தோசம். வாவ் இல்லை, சிரிப்பு இல்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு போனன். "அதில வையுங்கோ" எண்டாள், தலை நிமிராமல். அவள் எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள், எழுதினதை ஆருக்கும் வாசிக்கேல்லை. தனக்குத் தானே உதடு அசைச்சுப் பாத்துப்போட்டு அழிச்சாள். நான் உடுப்பை மடிச்சு முடிச்சுப்போட்டு, மடிச்சதையே திரும்ப மடிச்சன்.

சோதினை அடுத்த ஞாயிறு மத்தியானம். பிள்ளையின்ர கதிரைக்குப் பக்கத்தில சாப்பாட்டு மேசைக் கதிரையொண்டைக் கொண்டுவந்து போட்டு இருந்தன். பொலிஸ்காரி மாதிரி. அவ்வளவு கிட்டத்தில அவளுக்குப் பக்கத்தில நான் இருந்து எவ்வளவு காலம்! ரீச்சர் ஸ்கிறீனில ஒரு மூலையில. அந்தக் கிழமைக் கதையில வாற ஆளின்ர வாயில ஒண்டும் மனசில வேறொண்டும் கிடக்குமாம். அப்பிடி ஒராளைத் தன்ர வீட்டில இருந்து எடுத்து, கதையில வாற ஆளோட ஒப்பிட்டு எழுதவேணும். பிள்ளை கொஞ்சநேரம் யன்னலைப் பாத்தாள். பிறகு விரல் ஓடத் தொடங்கினது. நான் அவளின்ர கன்னத்தையும் விரலையும் மாறி மாறிப் பாத்தன். கண் எடுக்கேல்லை. இவ்வளவு கெட்டித்தனம் என்ர வயித்துக்குள்ள எங்க இருந்தது எண்டு எனக்கே திகைப்பா இருந்தது. இதையெல்லாம் இவ்வளவு நாளும் மச்சாள் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறா எண்டு நினைக்கத் திரும்பவும் எரிஞ்சது.

எழுதி முடிச்சு வாசிச்சாள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கினது.

தன்ர அம்மா கிளினிக்கில, வாற போறவைக்கெல்லாம் மேசையில இருக்கிற மகளின்ர படத்தைக் காட்டி, "இதுதான் என்ர சோம்பேறி" எண்டு சொல்லுவா எண்டு எழுதியிருந்தாள். சோம்பேறியின்ர படத்தை ஆர் கண்ணாடிச் சட்டம் போட்டு வைப்பினம் எண்டு கேட்டிருந்தாள். சின்ன வயசில தான் அந்தச் சொல்லை அப்பிடியே நம்பினதாம், அதால வகுப்பில கை உயர்த்தமாட்டாளாம். பிறகு அடுத்த வசனம் வந்தது. "உன்ர அம்மா உன்னை எவ்வளவுக்குக் குறைச்சுச் சொல்லுறாவோ, அவ்வளவுக்கு உன்னை நினைச்சுப் பயப்பிடுறா எண்டு என்ர மாமிதான் எனக்கு விளங்கப்படுத்தினவ."

எனக்குக் கண் கலங்கினது. கலங்கின கண்ணோடயே பத்திக்கொண்டும் வந்தது. கை உயர்த்தமாட்டாளாமே என்ர பிள்ளை! அதை என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லையே! என்னை என்ர பிள்ளைக்கு விளங்கப்படுத்தினதும் மச்சாள்தானோ? அதுக்கும் எனக்கு முன்னால வந்து நிக்கவேணுமோ அவ?

ரீச்சர் ஏதேதோ கேட்டா. பிள்ளை தயங்காமல் பதில் சொன்னாள். கடைசியா ரீச்சர் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு, இது அவளின்ர எழுத்துத்தான், சந்தேகமில்லை, மார்க்ஸ் எல்லாத்தையும் திருப்பிப் போடுறன் எண்டா. பிறகு என்னைப் பாத்து, "நல்ல எழுத்தாளர் ஒராளைப் பெத்திருக்கிறீங்கள்" எண்டா.

நாக்கு தானாக் கிளம்பினது. "நோ நோ" எண்ட சொல் பல்லு வரைக்கும் வந்திட்டுது. பிள்ளை என்னைப் பாத்தாள்.

"யெஸ்" எண்டன். "ஷீ இஸ் வெரி குட்."

சொன்ன உடன, கண் பட்டிடப்போகுதெண்டு நினைவு வந்தது. ஸ்கிறீன் இருண்டதுதான் தாமதம், பிள்ளை ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். "மாமி! இற்ஸ் ஓகே! அம்மா யெஸ் சொன்னவா!" என்னைக் கட்டிப்பிடிக்கேல்லை. பக்கத்தில இருந்த என்னை விட்டிட்டு, முதல் செய்தி விட்பிக்குப் போகுது.

நான் குசினிக்குப் போனன். பல்கனிக் கதவைத் திறந்து, ஸ்மோக் அலாமுக்குத் துவாயைக் கட்டிப்போட்டு, மிளகாயையும் உப்பையும் கையில பொத்திக்கொண்டு அவளைக் கூப்பிட்டன். முகத்தைச் சுளிச்சுக்கொண்டு வந்து நிண்டாள், காதில போனோட. மூண்டுதரம் சுத்தி, காஞ்ச சட்டிக்குள்ள போட்டன். ரண்டுபேரும் நெடிக்குப் பாத்துக்கொண்டு நிண்டம்.

மிளகாய் கருகினது. கறுத்தது. ஒண்டும் மணக்கேல்லை.

"அண்ணி, என்னவாம்? மணக்குதோ?" எண்டு மச்சாள் போனுக்குள்ளால கேட்டா, பகிடியா. "இண்டைக்கு நான் பிள்ளையைக் கண்ணாலயும் காணேல்லை!"

உண்மைதான். அவ காணேல்லை. அண்டைக்கு முழுக்கப் பிள்ளையைக் கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு, வயிறெரிஞ்சு கொண்டிருந்த ஆள் அவவில்லை. சட்டியைப் பாத்தன். தாயின்ர கண்ணும் படுமோ, படுமெண்டால் அதை என்னத்தால சுத்துறது, எனக்குத் தெரியேல்லை.

"ஓம் ஓம், நல்லா மணக்குது" எண்டு போனுக்குக் கேக்கச் சொல்லிப்போட்டு, தொண்டையைச் செருமிப் பெருசா இருமினன்.

பிள்ளை சட்டியைப் பாத்தாள். என்னைப் பாத்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கினது.

பிறகு அவளும் இருமினாள், மாமிக்குக் கேக்கிறமாதிரி.